வாய் கோணினால் கண்ணைக் காப்பாற்றுங்கள்: திடீர் முகவாதத்துக்கு ஒரு முழு வழிகாட்டி

காலையில் வாய் கொப்பளிக்கும்போது தண்ணீர் ஒரு பக்கமாக ஒழுகும். காபி உதட்டோரம் வழிந்து சட்டையில் சிந்தும். வீட்டில் யாராவது பார்த்துவிட்டு, "என்னங்க, வாய் ஒரு பக்கமா இழுத்துக்கிட்டிருக்கு?" என்று கேட்பார்கள். திடீர் முகவாதம் பெரும்பாலும் இப்படித்தான் தெரியவரும். வலி அதிகம் இருக்காது. காதுக்குப் பின்னால் முந்தின நாள் லேசாக வலித்தது நினைவுக்கு வரலாம்.

நான் கும்பகோணம் பக்கம் பிசியோதெரபிஸ்டாக வேலை பார்க்கிறேன். இந்தத் தொல்லையோடு வருகிறவர்களில் பலர் பத்து நாள், பதினைந்து நாள் கழித்துத்தான் வருகிறார்கள். எல்லாருடைய கவலையும் வாயைப் பற்றியே இருக்கிறது. வாய் பெரும்பாலானவர்களுக்குச் சரியாகிவிடும். ஆனால் மூட முடியாமல் திறந்தே கிடந்த கண்ணில் புண் வந்து கருவிழியில் தழும்பு விழுந்தால், அந்தப் பார்வையைத் திரும்பப் பெறுவது கடினம். அதனால்தான் இந்த வழிகாட்டியில் கண்ணுக்கு அதிக இடம் கொடுத்திருக்கிறேன்.

முதல் வேலை: பக்கவாதமா என்று பாருங்கள்

முகம் கோணுவதற்கு இரண்டு முக்கியக் காரணங்கள் உண்டு. ஒன்று, மூளையின் ரத்தக்குழாயில் அடைப்போ கசிவோ ஏற்பட்டு வரும் பக்கவாதம். இன்னொன்று, முகத்தசைகளை இயக்கும் ஏழாவது மூளை நரம்பு மட்டும் செயலிழப்பது. குறிப்பிட்ட காரணம் எதுவும் பிடிபடாமல் இரண்டாவது வகை வந்தால் டாக்டர்கள் 'பெல்ஸ் பால்சி' என்று எழுதுவார்கள். முக நரம்பைப் பற்றி 19ஆம் நூற்றாண்டில் எழுதிய ஸ்காட்லாந்து மருத்துவர் சார்லஸ் பெல்லின் பெயர் அது. நம் பக்கம் இதைத்தான் முகவாதம் என்கிறோம்.

புருவத்தை உயர்த்தச் சொல்லி நெற்றியைப் பாருங்கள். நெற்றித் தசைக்கு மூளையின் இரண்டு பாதிகளிலிருந்தும் கட்டளை போகிறது. அதனால் பக்கவாதத்தில் வாய் கோணினாலும் நெற்றி பெரும்பாலும் சுருங்கும், கண்ணும் மூடும். முக நரம்பே பாதிக்கப்பட்டிருந்தால் நெற்றி, கண், வாய் மூன்றும் ஒரே பக்கத்தில் அசையாது. அந்தப் பக்க நெற்றியில் கோடு விழாது. கண்ணை இறுக்க மூடச் சொன்னால் இமை பாதியில் நிற்கும், விழி மட்டும் மேலே போய் வெள்ளை தெரியும்.

இந்தச் சோதனையை மட்டும் நம்பி வீட்டிலேயே முடிவு கட்டிவிடாதீர்கள். மூளைத்தண்டில் வரும் சில பக்கவாதங்களில் நெற்றியும் சேர்ந்து செயலிழக்கும். கூடவே கை கால் பலவீனம், ஒரு பக்கம் மரத்துப்போவது, பேச வார்த்தை வராமல் தடுமாறுவது, இரட்டையாகத் தெரிவது, நடை தள்ளாடுவது, திடீரென்று கடுமையான தலைவலி, இவற்றில் ஒன்று இருந்தாலும் உடனே 108ஐ அழையுங்கள். பேச்சில் ஒரு வித்தியாசம் கவனிக்கலாம். முகவாதக்காரருக்கு உதடு ஒட்டாததால் ப, ம, வ எழுத்துகள் மட்டும் தெளிவில்லாமல் வரும். சொல்ல நினைப்பதைச் சொல்வதில் குழப்பம் இருக்காது.

ரத்தக்குழாய் அடைப்பால் வந்த பக்கவாதத்தில், அடைப்பைக் கரைக்கும் ஊசியைப் பொதுவாக 4½ மணி நேரத்துக்குள் போட வேண்டும். அதற்கு முன் சி.டி. ஸ்கேன் எடுத்தாக வேண்டும். வேதாரண்யம் பக்கத்து கிராமத்திலிருந்து தஞ்சாவூருக்கு வருகிற நேரத்தை யோசித்துப் பாருங்கள். உள்ளூரில் ஒரு ஊசி போட்டுப் பார்ப்போம், சாயங்காலம் வரை பொறுப்போம் என்று கழிக்க அங்கே நேரமே கிடையாது. கடைசியாக எத்தனை மணிக்கு நன்றாக இருந்தார் என்பதைக் குறித்துக்கொண்டு கிளம்புங்கள். வழியில் மாத்திரையோ தண்ணீரோ கொடுக்க வேண்டாம்.

எதனால் வருகிறது

முக நரம்பு மூளையிலிருந்து முகத்துக்கு வர, காதை ஒட்டிய எலும்பில் ஒரு குழாய் வழியாகப் போகிறது. அந்தக் குழாயின் மிகக் குறுகிய இடத்தின் விட்டம் ஒரு மில்லிமீட்டர்கூட இல்லை. நரம்பில் அழற்சி வந்தால், வீங்கிய விரலை மோதிரம் இறுக்குவது மாதிரி அந்த எலும்பு நரம்பை நெருக்குகிறது. கட்டளை தசைக்குப் போய்ச் சேராது. இதே நரம்பின் கிளைகள்தான் கண்ணீர் சுரப்பையும் நாக்கின் முன்பகுதிச் சுவையையும் கவனிக்கின்றன. பெரிய சத்தத்தில் காதைக் காக்கும் குட்டித் தசைக்கும் இந்த நரம்பிலிருந்தே கிளை போகிறது. அதனால்தான் சிலருக்கு அந்தப் பக்கம் சாம்பார் சப்பென்று இருக்கிறது, கல்யாண வீட்டில் தவில் சத்தம் காதைக் கிழிக்கிறது.

அழற்சிக்குக் காரணமாக வலுவாகச் சந்தேகிக்கப்படுவது உதட்டில் கொப்புளம் வரவழைக்கும் ஹெர்பிஸ் சிம்ப்ளெக்ஸ் வைரஸ். நம்மில் பலருடைய உடம்பில் அது சிறு வயதிலிருந்தே உறங்கிக்கொண்டிருக்கிறது. சர்க்கரை நோய், ரத்த அழுத்தம் உள்ளவர்களுக்கும், கர்ப்பத்தின் கடைசி மூன்று மாதங்களிலும், பிரசவம் முடிந்த உடனேயும் வரும் வாய்ப்பு சற்று அதிகம். ஒரு லட்சம் பேரில் ஆண்டுக்கு 15 முதல் 30 பேருக்கு வருகிறது. ஆகவே நீங்கள் மட்டும் தனியாகச் சிக்கிக்கொள்ளவில்லை. இது ஒருவரிடமிருந்து ஒருவருக்கு ஒட்டவும் ஒட்டாது.

"பஸ்ல ஜன்னலோரம் உக்காந்து வந்தேன், காத்து அடிச்சிருச்சு" என்று சொல்லாதவர்கள் குறைவு. குளிர்காற்றுதான் காரணம் என்பதற்கு உறுதியான நிரூபணம் இல்லை. ஃபேனுக்கு அடியில் தூங்கி எழுந்து கண்ணாடியைப் பார்க்கும்போதுதான் கோணல் கண்ணில் படுகிறது, அதனால் பழி காற்றின்மேல் விழுகிறது என்பது என் எண்ணம். காற்றுக் கருப்பு என்று பயந்து மந்திரிக்கப் போகிற குடும்பங்களையும் எனக்குத் தெரியும். அவர்களிடம் நான் வாதாடுவதில்லை. மாத்திரையை முதலில் ஆரம்பித்துவிட்டு, அப்புறம் எங்கே வேண்டுமானாலும் போய்வாருங்கள் என்று கெஞ்சிக் கேட்பேன்.

இன்னொரு குழப்பம், எந்தப் பக்கம் நோய் என்பது. வாய் எந்தப் பக்கம் இழுத்திருக்கிறதோ அதுதான் நல்ல பக்கம். வலுவுள்ள தசை வலுவிழந்த பக்கத்தைத் தன் பக்கம் இழுக்கிறது. இது தெரியாமல் நல்ல கன்னத்துக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருப்பவர்கள் உண்டு. எந்தக் கண் மூடவில்லையோ அந்தப் பக்கம்தான் பாதித்த பக்கம்.

மூன்று நாளுக்குள் டாக்டரிடம்

பக்கவாதம் இல்லை என்று தெரிந்தாலும் அன்றே டாக்டரைப் பாருங்கள். முகவாதத்துக்கு நிரூபணமான மருந்து ஒன்றுதான்: ப்ரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரை. பழைய மருந்து, விலையும் குறைவு. ஆனால் கோணல் தொடங்கி 72 மணி நேரத்துக்குள் ஆரம்பித்தால்தான் முழுப் பலன். ஸ்காட்லாந்தில் 551 பேரிடம் நடத்தி 2007இல் வெளியான ஆய்வில், இந்த மாத்திரையை 10 நாள் எடுத்தவர்களில் 94 சதவீதத்துக்கு மேல் ஒன்பது மாதத்தில் முழுதாகத் தேறினார்கள். எடுக்காதவர்களில் ஏறக்குறைய 82 சதவீதம். அதாவது நூற்றுக்குப் பன்னிரண்டு பேருக்கு மேல் கூடுதலாகத் தேறினார்கள். அவர்களில் ஒருவராக நீங்கள் இருக்கலாம் என்பதற்காகத்தான் இந்த அவசரம்.

பொதுவாக ஒரு நாளைக்கு 50 அல்லது 60 மில்லிகிராம் அளவில் தொடங்கிப் பத்து நாள் வரை கொடுப்பார்கள். அளவை முடிவுசெய்ய வேண்டியது டாக்டர்தான். மெடிக்கல் ஷாப்பில் நீங்களாக வாங்கிச் சாப்பிட வேண்டாம். சர்க்கரை, பிரஷர், வயிற்றுப்புண், காசநோய், கர்ப்பம், இவற்றில் எது இருந்தாலும் முன்னாலேயே சொல்லிவிடுங்கள். ஸ்டீராய்டு சர்க்கரையை ஏற்றும். அதற்காக நிறுத்திவிடாமல், அந்தப் பத்து நாளும் ஆரம்ப சுகாதார நிலையத்தில் அடிக்கடி சர்க்கரை பார்த்துக்கொண்டு, தேவைப்பட்டால் சர்க்கரை மருந்தைக் கூட்டிக்கொள்ளலாம். காலையில் சாப்பிட்ட பிறகு போடுங்கள், ராத்திரி போட்டால் தூக்கம் கெடும். "ஸ்டீராய்டா? வேண்டவே வேண்டாம்" என்று பயப்படுகிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். மாதக்கணக்கில் சாப்பிடும்போது வரும் கெடுதல்களை நினைத்து இந்தப் பத்து நாள் மருந்தை ஒதுக்கிவிடாதீர்கள்.

கூடவே ஆசிக்ளோவிர் போன்ற வைரஸ் மருந்தையும் சில டாக்டர்கள் எழுதுவார்கள். சாதாரண முகவாதத்தில் அதன் கூடுதல் பலன் குறைவு, தனியாக அது மட்டும் போதாது. ஆனால் காதுக்குள்ளோ காது மடலிலோ கொப்புளம், கடும் வலி, தலைச்சுற்றல், காது மந்தம் இருந்தால் கதை வேறு. சின்னம்மை தரும் வைரஸ் நரம்பைத் தாக்கியிருக்கலாம். அப்போது வைரஸ் மருந்து கட்டாயம் வேண்டும். காது மடலை விலக்கி நீங்களே ஒரு தடவை பார்த்துவிட்டு டாக்டரிடம் சொல்லுங்கள்.

எல்லாருக்கும் எம்.ஆர்.ஐ. ஸ்கேன் தேவையில்லை. டாக்டர் பார்த்தே கண்டுபிடித்துவிடலாம். ஆனால் கோணல் வாரக்கணக்கில் மெல்ல மெல்லக் கூடியிருந்தாலோ, கன்னத்திலோ காதுக்குக் கீழேயோ கட்டி இருந்தாலோ, காதில் சீழ் வந்தாலோ, இரண்டு பக்கமும் செயலிழந்தாலோ அது சாதாரண முகவாதம் இல்லை என்று எடுத்துக்கொண்டு தேட வேண்டும். தோலில் உணர்ச்சியில்லாத வெளிர் தேமல் இருந்தால் மறைக்காமல் காட்டுங்கள். தொழுநோயும் முக நரம்பைப் பாதிக்கும், அதற்கான கூட்டு மருந்து அரசு ஆஸ்பத்திரியில் இலவசம். தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் இதையெல்லாம் பார்த்துக்கொள்ளலாம்.

கண்: இதில் மட்டும் அலட்சியம் வேண்டாம்

இமை மூடாது, சிமிட்டாது, கண்ணீரும் சரியாகச் சுரக்காது. கருவிழி சில மணி நேரத்திலேயே காய ஆரம்பிக்கும். அதன்மேல் தூசி விழுந்தால் துடைத்தெடுக்க இமை வராது. டெல்டாவில் இது பெரிய ஆபத்து. குறுவை அறுப்பிலும், தை மாசி சம்பா அறுப்பிலும் மெஷின் ஓடும் வயலில் பறக்கிற நெல் தூசி, கொள்முதல் நிலையத்தில் தூற்றும்போது கிளம்புகிற பதர், ரோட்டில் காயும் வைக்கோல், எல்லாம் நேரே கண்ணுக்கு வரும். நெல்லோ இலையோ கீறிய கருவிழியில் பூஞ்சைக் கிருமி பிடித்தால் ஆற மாதக்கணக்காகும், ஆறினாலும் வெள்ளைத் தழும்பு நிற்கும். முகவாதம் வந்தவர் கண் மூடத் தொடங்கும் வரை களத்துக்கும் அறுப்புக்கும் போகவே கூடாது என்பது என் உறுதியான கருத்து. கூலி போகும்தான். வீட்டில் உள்ளவர்கள் அதற்கு ஈடுகொடுக்க வேண்டும்.

பகலில்: கண் வறட்சிக்கான சொட்டு மருந்தை டாக்டரிடம் எழுதி வாங்கி, ஒன்று அல்லது இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை விடுங்கள். இவ்வளவு அடிக்கடி விடுவதானால், கெடாமலிருக்கச் சேர்க்கும் ரசாயனம் இல்லாத சொட்டு மருந்து நல்லது என்று கேளுங்கள். நினைவு வரும்போதெல்லாம் சுத்தமான விரலின் பின்பக்கத்தால் மேல் இமையை மெல்லக் கீழே இறக்கி மூடித் திறங்கள், அதுதான் உங்கள் சிமிட்டல். வெளியே போனால் பக்கவாட்டிலும் மூடிய கண்ணாடி போடுங்கள். டூவீலரில் கண்ணாடி இல்லாமல் ஏறவே வேண்டாம். வீட்டில் டேபிள் ஃபேன் முகத்துக்கு நேராக இருந்தால் திருப்பி வையுங்கள். விறகடுப்புப் புகைக்கும் தள்ளி இருங்கள்.

ராத்திரியில்: படுக்கும் முன் கண்ணுக்கான களிம்பைக் கீழ் இமைக்குள் ஒரு கோடாக விடுங்கள். பார்வை மங்கும், பயப்பட வேண்டாம். அப்புறம் கீழே பார்த்தபடி விரலால் மேல் இமையை முழுக்க மூடி, அது மூடியிருக்கும்போதே காகித மருத்துவ டேப்பை மேல் இமையிலிருந்து கன்ன எலும்பு வரை சாய்வாக ஒட்டுங்கள். முதல் சில நாள் வேறொருவர் ஒட்டிவிடுவது நல்லது. இடையில் வெள்ளை தெரிகிறதா என்று அவர் டார்ச் அடித்துப் பார்க்கட்டும். பாதி மூடிய கண்ணின்மேல் பஞ்சு வைத்துக் கட்டுவது ரொம்பத் தப்பு. தூக்கத்தில் இமை திறந்தால் அந்தப் பஞ்சே கருவிழியை உரசிப் புண்ணாக்கிவிடும்.

தாய்ப்பால், விளக்கெண்ணெய், பன்னீர், இலைச்சாறு எதையும் கண்ணில் விடாதீர்கள். போன வருஷம் யாருக்கோ வாங்கி மீந்த சொட்டு மருந்தும் வேண்டாம். அதில் ஸ்டீராய்டு இருந்தால் கிருமிப் புண்ணை இன்னும் மோசமாக்கும். கண் சிவந்தாலோ, உறுத்தி வலித்தாலோ, வெளிச்சம் கூசினாலோ, பார்வை மங்கலானாலோ, கருவிழியில் வெள்ளைப் புள்ளி தெரிந்தாலோ மறுநாள் என்று தள்ளாமல் அன்றே கண் டாக்டரிடம் போங்கள்.

சாப்பாடு, பேச்சு, வெளியே போவது

நல்ல பக்கத்தில் மெல்லுங்கள். பாதித்த கன்னத்தில் சோறு தங்கிவிடும், சாப்பிட்டதும் விரலால் வழித்து வாய் கொப்பளிக்க வேண்டும். இல்லாவிட்டால் பல்லும் ஈறும் கெடும். வெற்றிலை போடுகிறவர்கள் தேறும் வரை விட்டுவிடுங்கள். கன்னத்தில் அடக்கியது அங்கேயே ஊறிக் கிடக்கும். டம்ளரை நல்ல பக்க உதட்டோரம் வைத்து, மற்ற பக்கத்தை விரலால் அழுத்திக்கொண்டு கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்கலாம். சுவை தெரியவில்லை என்று உப்பை அள்ளிப் போட வேண்டாம்.

முகத்தை முந்தானையால் மூடிக்கொண்டு வீட்டுக்குள்ளேயே இருந்துவிடுகிற பெண்களை நான் பார்த்திருக்கிறேன். வரன் பார்த்துக்கொண்டிருக்கும் பெண்ணுக்கு வந்துவிட்டால் வீடே இடிந்து போகிறது. அந்த நேரத்தில் "என்ன பாவம் பண்ணினோமோ" என்று அவள் காதுபடப் பேசாமல் இருப்பதே பெரிய உதவி. தினமும் சாதாரணமாக முகத்தைப் பார்த்துப் பேசுங்கள். நேரத்துக்கு நேரம் கண் மருந்தை நினைவுபடுத்துவதைவிட, கேட்காமலே பக்கத்தில் வந்து உட்கார்ந்து டேப் ஒட்டிவிடுகிறவர் நோயாளிக்குத் தெம்பு தருகிறார்.

பயிற்சி: குறைவாக, மெதுவாக

என் தொழில் இது. ஆனாலும் முதல் ஓரிரு வாரங்களுக்கு நான் அதிகம் செய்யச் சொல்வதில்லை. தசை துளியும் அசையாத கட்டத்தில் முழு பலத்தோடு முகத்தைச் சுளித்தால் நல்ல பக்கம்தான் இன்னும் இழுக்கும். கன்னத்தை வாயோரத்திலிருந்து காது நோக்கி மேல்வாக்கில் மென்மையாக ஐந்து நிமிடம் தடவிவிடுவது போதும். இளஞ்சூட்டில் ஒத்தடம் கொடுத்தால் இதமாக இருக்கும், கண்ணில் படாமல் கொடுங்கள்.

பலூன் ஊது, சூயிங்கம் மெல் என்று ஊரே சொல்லும். வேண்டாம். தசைகளை மொத்தமாக முறுக்கிப் பழக்கினால், நரம்பு வளரும்போது தப்பான கூட்டு அசைவுகள் பதிந்துவிடும் என்பது எங்கள் பயம். நாகஸ்வரம் வாசிக்கிறவருக்கு இது சோதனையான காலம். சீவாளியைச் சுற்றி உதடு ஒட்டாமல், கன்னத்தில் காற்று நிற்காமல் வாசிக்க முயன்று நல்ல பக்கத்தையும் வருத்திக்கொள்ள வேண்டாம். முகூர்த்த மாதமாக இருந்தாலும் உதடு காற்றைப் பிடித்து நிறுத்தும் வரை பொறுத்து, அதற்குப் பிறகு சில நிமிடங்களிலிருந்து தொடங்குங்கள்.

லேசான அசைவு தெரிந்த பிறகுதான் உண்மையான பயிற்சி. கண்ணாடி முன் உட்காருங்கள். நல்ல பக்கத்தை விரலால் மெல்லப் பிடித்துக்கொண்டு, பாதித்த பக்கப் புருவத்தைச் சிறிது உயர்த்துங்கள், விடுங்கள். கண்ணை மெதுவாக மூடுங்கள். மூக்கைச் சுளியுங்கள். பல் தெரியாமல் புன்னகை செய்யுங்கள். பா, மா, வா என்று நிதானமாகச் சொல்லுங்கள். ஒவ்வொன்றும் ஐந்து முறை, ஒரு நாளைக்கு இரண்டு மூன்று வேளை. உதடு அசையும்போது கண் தானாகச் சுருங்குகிறதா என்று கவனியுங்கள். சுருங்கினால் உதட்டு அசைவை இன்னும் சிறிதாக்குங்கள், கண் சுருங்காத அளவுக்குள் செய்யுங்கள்.

முகத் தசையில் மெல்லிய கரண்ட் வைத்துக்கொண்டால் சீக்கிரம் சரியாகும் என்று கேட்டு வருகிறவர்களிடம், அதற்குத் திடமான ஆதாரம் இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். தினமும் பஸ் பிடித்து வந்து அதற்குப் பணம் கட்டுவதற்குப் பதில், வாரம் ஒரு முறை வந்து பயிற்சியைச் சரிபார்த்துக்கொண்டு போனால் போதும்.

எப்போது தேறும்

டென்மார்க்கின் கோபன்ஹேகனில் சிகிச்சை இல்லாமலே இருந்த சுமார் 1,700 முகவாத நோயாளிகளைத் தொடர்ந்து பார்த்திருக்கிறார்கள். 85 சதவீதம் பேருக்கு மூன்று வாரத்துக்குள் அசைவு திரும்பத் தொடங்கியது. மற்றவர்களுக்கு அது மூன்று முதல் ஐந்து மாதம் தள்ளிப்போனது. மொத்தத்தில் 71 சதவீதம் பேருக்கு முகம் பழையபடி ஆனது. கொஞ்சமாவது அசைவு மிச்சமிருந்தவர்கள் நன்றாகத் தேறுவார்கள். முழுக்கச் செயலிழந்தவர்களுக்கும், சர்க்கரை உள்ளவர்களுக்கும், வயதானவர்களுக்கும் தாமதமாகலாம். அறுந்த நரம்பிழை வளர்வது ஒரு நாளைக்கு ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர்தான்.

மூன்று வாரத்தில் துளி அசைவும் இல்லையென்றால் மறுபடி டாக்டரைப் பாருங்கள். மூன்று மாதத்தில் முழுமையாகத் திரும்பாவிட்டால் நரம்பியல் அல்லது காது மூக்கு தொண்டை நிபுணர் பார்த்து, வேறு காரணம் இருக்கிறதா என்று ஸ்கேன் செய்து தேட வேண்டும்.

சிலருக்குத் தேறிய பிறகு விசித்திரமான மிச்சங்கள் இருக்கும். சிரித்தால் கண் மூடும். சாப்பிடும்போது ஒரு கண்ணில் நீர் கொட்டும். வளர்ந்த நரம்பிழைகள் வேறு தசைக்கோ கண்ணீர்ச் சுரப்பிக்கோ வழிமாறிப் போனதால் வருவது இது. பயந்துவிடாதீர்கள், வெட்கப்படவும் வேண்டாம். கண்ணாடிப் பயிற்சியும், தேவைப்படும் இடத்தில் தசையைத் தளர்த்தச் சிறிய அளவு போடாக்ஸ் ஊசியும் இதைக் கணிசமாகக் குறைக்கும். கண் மூடவே வராதவர்களுக்கு இமையில் சிறு எடை வைத்து மூடவைக்கும் அறுவை சிகிச்சையும் உண்டு.

ஒரு தடவை வந்தவர்களில் நூற்றுக்கு ஏழு பேர் அளவில் மறுபடி வரலாம், அதே பக்கமோ மற்ற பக்கமோ. அப்போதும் நெற்றி, கை கால், பேச்சு பார்ப்பதில் தொடங்குங்கள். பழைய மாத்திரைச் சீட்டை எடுத்துக்கொண்டு அன்றே டாக்டரிடம் போங்கள். இரண்டாவது முறை வந்திருக்கிறது என்பதை முதலில் சொல்லுங்கள், ஏனென்றால் அப்போது ஸ்கேன் எடுத்துப் பார்க்க அவசியம் கூடுகிறது.